திராட்சைத் தோட்டத்துத் துறவிகள்: இதெல்லாம் தெரியுமா?

ஷாம்பெயின் பாட்டிலில் அச்சாகும் மிகப் பெரிய பெயர் ஒரு துறவியின் பெயர்! பிரான்சின் பர்கண்டி மலைச்சரிவில் எந்தத் துண்டு நிலத்துக்கு எந்தச் சுவை என்று நூற்றாண்டுக் கணக்கில் கவனித்து மதில் எழுப்பியவர்கள் துறவிகள்! ஜார்ஜியாவில் மண்ணில் புதைத்த தாழிக்குள் திராட்சைச் சாற்றை நொதிக்கவைக்கும் ஆதி முறையை இன்றும் விடாமல் செய்பவர்களில் துறவிகள் உண்டு! இத்தாலியில் மௌனத்தில் வாழும் கன்னியர் செய்யும் ஒயின், கடல் கடந்து அமெரிக்கா வரை போகிறது!

ஜெபமும் தவமுமாக இருந்தவர்களுக்கு இது எப்படிக் கைவந்தது? காரணம் கொடியிலேயே இருக்கிறது. திராட்சையை நட்டால் உருப்படியான முதல் அறுவடைக்கே மூன்று நான்கு ஆண்டு ஆகும். வேர் ஆழம் இறங்கி அந்த மண்ணின் குணம் பழத்தில் தெரிய இன்னும் பல ஆண்டு. ஒரு சரிவின் வெயிலையும் பனியையும் ஈரத்தையும் புரிந்துகொள்ள ஒரு ஆயுள் போதாது. மடத்துக்கோ ஆயுள் கணக்கு கிடையாது. துறவிக்கு வாரிசு இல்லை. அதனால் பாகப்பிரிவினையும் இல்லை. ஒருவர் கீழே வைத்த கவாத்துக் கத்தியை அடுத்தவர் கையில் எடுப்பார். அப்படி நடந்த அதிசயங்கள்தான் எத்தனை!

ஒரு நாளைக்கு எவ்வளவு ஒயின்? அதற்கும் சட்டம் இருந்தது தெரியுமா?

6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மான்டே கசினோ மலையில் மடம் நிறுவியவர் புனித பெனடிக்ட். நம் கத்தோலிக்கர்கள் ஆசீர்வாதப்பர் என்பார்களே, அவர்தான். துறவிகளின் வாழ்க்கைக்கு அவர் எழுதிய ஒழுங்குநூலில் 73 அத்தியாயங்கள். அதில் 40-ஆவது முழுக்க முழுக்கக் குடிக்கும் அளவைப் பற்றியது! துறவிக்கு மது ஆகாது என்று படித்திருக்கிறோம். ஆனால் இந்தக் காலத்துத் துறவிகளை அதற்குச் சம்மதிக்கவைக்க முடியாது. ஆகவே அளவோடாவது இருக்கட்டும் என்று மனிதரை அறிந்தவராக எழுதுகிறார். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு ‘ஹெமினா’. ஏறத்தாழ கால் லிட்டர் என்பது பலர் சொல்லும் கணக்கு. கோடையும் கடும் உழைப்பும் வந்தால் மடத் தலைவர் கொஞ்சம் கூட்டித் தரலாம். ஒயினே கிடைக்காத ஊர் என்றால் முணுமுணுக்காமல் இறைவனைப் போற்ற வேண்டும்!

இன்னொரு விதி அதைவிட அழகு. மடத்தின் கருவிகள் அனைத்தையும் பலிபீடத்துப் பாத்திரங்களாகவே மதித்துக் காக்க வேண்டுமாம். மண்வெட்டியும் கத்தரியும் பீப்பாயும் பூசைப் பாத்திரத்துக்குச் சமம்! திருப்பலிக்கோ கலப்பில்லாத திராட்சை இரசம்தான் வேண்டும். வேறு எந்தப் பழத்தின் சாறும் செல்லாது. எனவே துறவிகள் போன இடமெல்லாம் கொடியும் போனது.

ஒரு தோட்டத்துக்குப் படைவீரர்கள் மரியாதை செலுத்திய கதை தெரியுமா?

1098-ஆம் ஆண்டு. பர்கண்டியில் சீத்தோ என்ற சதுப்பு நிலத்தில் சில துறவிகள் கடுமையான எளிமையைத் தேடிப் புது மடம் தொடங்கினார்கள். சிஸ்டர்சியன் சபை பிறந்தது அங்கேதான். சதுப்பில் கொடி வளருமா? பக்கத்துச் சரிவில் வூஜோ என்ற இடத்தில் நிலம் சேர்த்தார்கள். சிறுகச் சிறுக, தானமாகவும் விலைக்கும் வாங்கி, கடைசியில் ஏறத்தாழ 50 ஹெக்டேரைச் சுற்றி ஒரே மதில்! அதுதான் ‘க்ளோ து வூஜோ’. உடலுழைப்புக்கென்றே வாழ்ந்த சகோதரர்கள் மண் கொத்தினார்கள், கவாத்து செய்தார்கள், பழம் பறித்தார்கள். அவர்கள் முறையில் அமைந்த மரத்தாலான இராட்சதத் திராட்சை ஆலைகள் 4 இன்றும் அங்கே நிற்கின்றன, போய்ப் பார்க்கலாம்.

நெப்போலியன் காலத்துத் தளபதி ஒருவர் அந்த மதிலைக் கடக்கும்போது தன் படையை நிறுத்தி ஆயுத மரியாதை செய்யச் சொன்னார் என்று ஒரு பழங்கதை உண்டு. திராட்சைக் கொடிக்கு இராணுவ வணக்கம்!

அப்புறம் நடந்தது பெரிய பாடம். பிரெஞ்சுப் புரட்சியில் மடத்துச் சொத்துகள் பறிமுதலாகி ஏலத்துக்கு வந்தன. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தத் தோட்டமும் உடையத் தொடங்கியது. விற்பனை, பாகம், மறுபடி விற்பனை! துறவிகளின் கையில் பல நூற்றாண்டுகள் ஒரே தோட்டமாக இருந்த அந்த 50 ஹெக்டேருக்கு இன்று ஏறத்தாழ 80 உரிமையாளர்கள். ஒரே மதிலுக்குள் ஆளுக்குச் சில வரிசைக் கொடிகள்!

கன்னியர் வாங்கிய தோட்டத்துக்கு 880 ஆண்டுகளில் எத்தனை உரிமையாளர்கள் தெரியுமா?

நாலே நாலு! வூஜோவுக்குக் கொஞ்சம் வடக்கே மொரே-சென்-தெனி என்ற கிராமம். 1141-இல் தார்த் மடத்தைச் சேர்ந்த சிஸ்டர்சியன் கன்னியர் அங்கே ஒரு தோட்டத்தை வாங்கினார்கள். ‘க்ளோ த தார்’ என்று அவர்கள் பெயராலேயே அது விளங்குகிறது. ஏழரை ஹெக்டேர்தான். புரட்சி வரும்வரை 650 ஆண்டுகள் அவர்கள் கையை விட்டு அது போகவில்லை. 1791-இல் மாரே குடும்பம், 1932-இல் மொம்மெஸ்ஸான் குடும்பம், அண்மையில் பிரான்சுவா பினோவின் நிறுவனம். அவ்வளவுதான் பட்டியல். வூஜோ துண்டுதுண்டானபோது கன்னியரின் தோட்டம் ஒரு சாண்கூடப் பிரியாமல் நிற்கிறது!

போப்பாண்டவரால் மறைவல்லுநராக உயர்த்தப்பட்டவரின் பெயரில் ஒயின் இருக்கிறது தெரியுமா?

சீத்தோ மடம் பிறந்த அதே 1098-ஐத்தான் ஹில்டகார்ட் என்ற ஜெர்மானியக் கன்னியின் பிறந்த ஆண்டாகச் சொல்கிறார்கள். இசை அமைத்தார், மூலிகை பற்றி எழுதினார், பேரரசர்களுக்கே புத்தி சொன்னார். 2012-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரை மறைவல்லுநர் என்று அறிவித்தது. ரைன் ஆற்றங்கரையில் ரூடஸ்ஹைம் ஊருக்கு மேலே, கொடிகள் சூழ்ந்த சரிவில், அவர் பெயரால் 1904-இல் எழுந்தது ஐபிங்கன் கன்னியர் மடம். அங்கே பெனடிக்ட் சபைக் கன்னியர் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையைப் பயிரிட்டு ஒயின் செய்கிறார்கள். 1941-இல் நாஜிக் காவல்படை அவர்களை மடத்திலிருந்து விரட்டியது. 1945-இல் போர் முடிந்ததும் திரும்பி வந்தார்கள். மடமும் தோட்டமும் மறுபடி உயிர்பெற்றன!

70,000 லிட்டர் பிடிக்கும் பீப்பாய்! அதைக் காலிசெய்யப் பார்த்தவர்கள் யார்?

ரூடஸ்ஹைம் அமைந்த அதே ரைன்காவ் வட்டாரத்தில் 1136-இல் சிஸ்டர்சியன் துறவிகள் நிறுவியது எபர்பாக் மடம். தங்கள் சொந்தப் படகுகளில் ரைன் ஆற்று வழியே கொலோன் நகரம் வரை ஒயினை அனுப்பி விற்றார்கள். ஜெபக்கூடத்திலிருந்து ஒரு வணிகப் பாதையே! 1500-ஆம் ஆண்டில் 70,000 லிட்டருக்கு மேல் கொள்ளும் ஒரு பீப்பாயைச் செய்துமுடித்தார்கள். 1525-இல் விவசாயிகளின் கலகம் மூண்டபோது கூட்டம் மடத்தருகே முகாமிட்டது. முதலில் கண்ணில் பட்டது அந்தப் பீப்பாய்தான். பெரும்பகுதியைக் குடித்தே தீர்த்தார்கள்! உம்பர்த்தோ ஈக்கோவின் ‘ரோஜாவின் பெயர்’ நாவல் திரைப்படமானபோது மடத்தின் உட்புறக் காட்சிகள் பலவற்றை இங்கேதான் எடுத்தார்கள்.

தபால் தாமதமானதால் ஒரு ஒயின் வகையே பிறந்தது தெரியுமா?

எபர்பாக்கிலிருந்து சிறிது தொலைவில் யோஹானிஸ்பெர்க் குன்று. அங்கே பெனடிக்ட் சபையாரின் தோட்டம். ஆனால் பழம் பறிக்கலாம் என்ற உத்தரவு தொலைவில் உள்ள ஃபுல்டா நகரத்து மடாதிபதியிடமிருந்து வர வேண்டும். 1775-இல் உத்தரவு வாங்கப்போன குதிரைத் தூதர் வரவில்லை! ஒரு நாள், ஒரு வாரம், இன்னும் காணோம். பழங்கள் கனிந்து, சுருங்கி, தோலில் பூஞ்சணம் படர்ந்துவிட்டன. தூதர் வந்துசேர்ந்தபோது, கெட்டதோ நல்லதோ என்று பறித்துப் பிழிந்தார்கள். கிடைத்ததோ தேன் போல் இனிக்கும் ஒயின்!

இரகசியம் அந்தப் பூஞ்சணத்தில்தான். அது தோலில் நுண்துளை போட்டு நீரை ஆவியாக விடுகிறது. சர்க்கரையும் மணமும் உள்ளேயே செறிந்துபோகின்றன. பிந்திப் பறிக்கும் ‘ஷ்பேட்லேஸ’ வகைக்கு இதுதான் பிறப்புக் கதை. தாமதமாக வந்த அந்தக் குதிரைவீரருக்கு யோஹானிஸ்பெர்க் முற்றத்தில் சிலையே வைத்திருக்கிறார்கள்!

ஷாம்பெயினைக் ‘கண்டுபிடித்தவர்’ எனப்படுபவர் நுரையை ஒழிக்கப் போராடியவர் தெரியுமா?

தோம் பெரிஞோன்! 1668 முதல் 1715-இல் இறக்கும்வரை ஒவில்லர் மடத்தின் நிலவறைப் பொறுப்பாளர். நுரை ஒயினைக் ‘கண்டுபிடித்தவர்’ என்று உலகமே சொல்கிறது. உண்மையில் அவர் காலத்தில் நுரை ஒரு நோய்! ஷாம்பெயின் வட்டாரம் குளிர் மிகுந்தது. இலையுதிர் காலத்தில் நொதிக்கத் தொடங்கிய சாறு, பனி வந்ததும் உறங்கிவிடும். அதை அப்படியே பாட்டிலில் அடைத்தால், வசந்த வெயிலில் ஈஸ்ட் மறுபடி விழித்துக்கொள்ளும். கரியமில வாயு வெளியேற வழியில்லை. பாட்டில் வெடிக்கும்! ஒன்று வெடித்தால் பக்கத்துப் பாட்டிலும் வெடிக்கும். பிற்காலத்தில்கூட நிலவறைத் தொழிலாளர்கள் இரும்பு முகமூடி மாட்டிக்கொண்டு வேலை செய்தார்கள்.

அப்படியானால் அவருடைய மேதைமை எங்கே? கலவையில்! வெவ்வேறு தோட்டத்துப் பழங்களைப் பிழிவதற்கு முன்பே ருசித்து, எதை எதோடு சேர்த்தால் நிறைவு வரும் என்று தேர்ந்துகொண்டார். கறுப்புத் திராட்சையை மென்மையாகப் பிழிந்து தெளிந்த வெள்ளைச் சாறு எடுக்கும் கலையிலும் அவர் பெயர் நிலைத்திருக்கிறது. இன்னொரு செய்தி: தெற்கே லிமூ ஊருக்கு அருகே புனித இலாரி மடத்துத் துறவிகள் 1531-இலேயே நுரை ஒயின் செய்தார்கள் என்பது அவ்வூராரின் பெருமை. அது பெரிஞோன் பிறப்பதற்கு நூறாண்டு முன்பு!

ஒயின் பீப்பாய் மேல் சறுக்கி விளையாடும் மடம் தெரியுமா?

ஆஸ்திரியாவின் க்ளோஸ்டர்நியூபர்க் மடம் 1114-இல் தொடங்கியது. இன்றும் 100 ஹெக்டேருக்கு மேல் திராட்சை. திராட்சைப் பயிருக்கும் ஒயினுக்கும் உலகின் முதல் பள்ளி 1860-இல் இங்கேதான் எழுந்தது! 1704-இல் செய்த, 56,000 லிட்டர் பிடிக்கும் பீப்பாய் ஒன்று அங்கே உண்டு. நவம்பர் 15, புனித லியோபோல்டு திருநாளில் ஊரே திரண்டு அதன் மேல் ஏறிச் சறுக்கி இறங்குகிறது. பெரியவர்களும்தான்!

மெழுகுவத்தி அணைந்தால் ஏலம் முடியும்! அந்தப் பணம் யாருக்கு?

நோயாளிகளுக்கு! பர்கண்டியின் போன் நகரத்தில் 1443-இல் நிக்கொலா ரொலான் என்ற அமைச்சர் ஏழைகளுக்காக ஒரு மருத்துவமனை கட்டினார். வெள்ளைத் தலைமுக்காடிட்ட அருட்சகோதரிகள் நூற்றாண்டுகளாக அங்கே நோயாளிகளைக் கவனித்தார்கள். நன்றியுள்ளவர்கள் திராட்சை நிலங்களை எழுதிவைத்தார்கள். ஏறத்தாழ 60 ஹெக்டேர் சேர்ந்தது. 1859 முதல் அந்த ஒயினை ஆண்டுதோறும் ஏலம் விடுகிறார்கள். நவம்பர் மூன்றாம் ஞாயிறு, மெழுகுவத்தி எரியும்வரை விலை கேட்கலாம் என்ற பழைய வழக்கத்தோடு! தர்மத்துக்காக நடக்கும் ஒயின் ஏலங்களில் உலகிலேயே புகழ்பெற்றது இதுதான்.

தாழியை மண்ணில் புதைத்து ஒயின் செய்யும் துறவிகள் தெரியுமா?

ஜார்ஜியா நாட்டில் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே திராட்சை ஒயின் செய்ததற்கான தடயம் மண்பாண்டத் துண்டுகளில் கிடைத்திருக்கிறது. கக்கேதி சமவெளியில், காக்கசஸ் பனிமலைகளின் எதிரே, அலவெர்தி மடம். தொடக்கம் 6-ஆம் நூற்றாண்டு. வானளாவும் பேராலயம் 11-ஆம் நூற்றாண்டு. இங்குள்ள ஆர்த்தடாக்ஸ் துறவிகளின் கருவி ‘க்வெவ்ரி’: ஆள் இறங்கிக் கழுவும் அளவுக்குப் பெரிய, அடி கூம்பிய களிமண் தாழி. உட்புறம் தேன்மெழுகு பூசி, கழுத்துவரை மண்ணில் புதைத்துவிடுவார்கள். சாற்றை மட்டும் ஊற்றுவதில்லை. தோல், விதை, காம்பு எல்லாம் உள்ளே! மூடி வைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெளியே பனி கொட்டினாலும் கோடை கொளுத்தினாலும் மண் ஒரே குளிர்ச்சியைத் தருகிறது. விதைகள் கூம்பின் அடியில் தானாகப் படிந்துவிடுகின்றன. வெள்ளைத் திராட்சையிலிருந்து செம்பொன் நிற ஒயின் எழுகிறது!

சோவியத் ஆட்சியில் மடவாழ்வு அறுந்தது. 2006-இல் துறவிகள் நிலவறையை மீட்டுத் தொடங்கினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஜார்ஜியத் திராட்சை வகைகளைத் தோட்டத்தில் காக்கிறார்கள். 2013-இல் க்வெவ்ரி முறையை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபாக ஏற்றது. அந்த நாட்டுக்குக் கிறிஸ்தவம் கொண்டுவந்த புனித நினோவின் சிலுவைகூடத் திராட்சைக் கொடியை அவர் தம் கூந்தலால் கட்டியது என்பது மரபு!

நரி காட்டிய நிலவறை தெரியுமா?

லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் 1857-இல் இயேசு சபையினர் ‘க்ஸாரா’ தோட்டத்தைத் தொடங்கினார்கள். கோழிகளைத் தூக்கிப்போன நரியை அநாதை இல்லத்துச் சிறுவர்கள் துரத்தினார்களாம். நரி நுழைந்த பொந்துக்குப் பின்னால் ரோமானியர் காலத்துக் குகைகள்! ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கம், ஆண்டு முழுதும் ஒரே குளிர்ச்சி. ஒயின் முதிர இதைவிட வேறென்ன வேண்டும்? 1973-இல் சபையார் அதை விற்றுவிட்டார்கள். குகைகளில் இன்றும் பீப்பாய்கள் அடுக்கியிருக்கின்றன.

நம் பள்ளிக்கூடங்களோடு உறவுள்ள தோட்டங்கள் தெரியுமா?

சென்னை லயோலா கல்லூரியை நடத்தும் அதே இயேசு சபை, 1851-இல் தென் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ‘செவன்ஹில்’ தோட்டத்தை நட்டது. முதல் நோக்கமே திருப்பலி இரசம்! தொன் போஸ்கோ பள்ளிகளை நடத்தும் அதே சலேசியர், பெத்லகேம் அருகே 1885 முதல் க்ரெமிசான் மடத்தில் தபூக்கி, ஹம்தானி, ஜந்தாலி என்ற உள்ளூர்த் திராட்சைகளைப் பிழிகிறார்கள். கொழும்பில் பள்ளி நடத்திய அதே தெலசால் சகோதரர்கள், கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் ஒயின் செய்து, அந்த வருவாயில் பள்ளிகளைத் தாங்கினார்கள். அங்கே சகோதரர் திமொத்தி என்பவர் 1935 முதல் 1989 வரை ஒரே நிலவறையின் பொறுப்பில் இருந்தார்!

ஒரு மடத்தையே பிரித்துக் கப்பலில் ஏற்றினார்கள் தெரியுமா?

ஸ்பெயினில் 1181-இல் தோன்றிய ஒவிலா மடத்தை 1931-இல் அமெரிக்கப் பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ப் ஹெர்ஸ்ட் விலைக்கு வாங்கினார். கல் கல்லாகப் பிரித்துக் கப்பலேற்றினார்கள். அதற்குள் பணமுடை! கற்கள் சான் பிரான்சிஸ்கோ பூங்காவில் மழையிலும் வெயிலிலும் கிடந்தன. 1994-இல் அவை கலிபோர்னியாவின் வைனா ஊரில் உள்ள ட்ராப்பிஸ்ட் சபைத் துறவிகளுக்குக் கிடைத்தன. மடத்தின் கூட்ட மண்டபத்தை அவர்கள் மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். அதிசயம் அதோடு நிற்கவில்லை. அவர்களின் நிலம் ஒரு காலத்தில் லீலண்ட் ஸ்டான்ஃபோர்டின் தோட்டம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் கண்டவரேதான்! உலகின் மிகப் பெரிய திராட்சைத் தோட்டம் என்று அது பேர்பெற்றிருந்து அழிந்துபோனது. அதே மண்ணில் 2000-ஆம் ஆண்டில் துறவிகள் மறுபடி கொடி நட்டார்கள்!

விடியுமுன் எழுந்து, மௌனத்தில் ஒயின் செய்பவர்கள்

ரோமுக்கு வடக்கே வித்தோர்க்கியானோ. ட்ராப்பிஸ்ட் கன்னியர் கோழி கூவுமுன் எழுந்து ஜெபிக்கிறார்கள். பிறகு தோட்டம்! செயற்கை உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல் த்ரெப்பியானோ, மல்வாசியா, வெர்திக்கியோ, க்ரெக்கெத்தோ என்ற நாலு வெள்ளைத் திராட்சைகளை வளர்க்கிறார்கள். ஒயினின் பெயர் ‘கொயனோபியும்’. கூடிவாழும் மடம் என்று பொருள். பிரான்சின் கான் நகரத்துக்கு எதிரே, ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் நீளமே உள்ள புனித ஒனோரா தீவில் 5-ஆம் நூற்றாண்டு முதல் மடம். கரையில் திரைப்பட விழாவின் ஆரவாரம். தீவில் துறவிகளின் 8 ஹெக்டேர் கொடி! பிராவன்ஸில் வந்தூ மலையடிவாரத்தில் லெ பரூ. அங்கே துறவிகள் ஒரு மடம், கன்னியர் ஒரு மடம். இரு மடத்தாரும் சுற்றுவட்டார விவசாயிகளோடு கைகோத்து 2015-இல் ‘வியா கரித்தாத்திஸ்’ என்ற ஒயினைக் கொண்டுவந்தார்கள். விலை வீழ்ச்சியில் தவித்த அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் மண்ணை விட்டுப் போய்விடக் கூடாது என்பதே நோக்கம்!

அவர்கள் கொடுத்த வாக்குறுதி என்ன தெரியுமா?

2015-இல் பர்கண்டியின் 1,247 திராட்சைத் துண்டுநிலங்களை, தனித்தனிப் பெயரும் எல்லையும் உள்ள அந்தச் சரிவுகளை, யுனெஸ்கோ உலக மரபாக அறிவித்தது. அந்த எல்லைகளின் வேரில் மடங்களின் நூற்றாண்டுக் கவனிப்பு இருக்கிறது. உச்சத் தரத் துண்டு என்றால் ஒரு ஹெக்டேரே பல கோடி ரூபாய். உலகின் மிக விலைகூடிய விளைநிலங்களில் சேர்ந்தது. அந்த மண்ணைப் படித்தவர்கள், சொந்தமாக எதையும் வைத்துக்கொள்வதில்லை என்று உறுதி எடுத்தவர்கள்!

பெனடிக்டின் வழியில் வந்தவர்கள் இன்னொரு உறுதியும் எடுக்கிறார்கள்: சேர்ந்த மடத்திலேயே சாகும்வரை நிலைத்திருப்பேன். இடம் மாற மாட்டேன் என்பவருக்குத்தான் ஒரு சரிவில் பனி முதலில் எங்கே உருகும், மழைநீர் எங்கே தேங்கும், எந்த வரிசைப் பழம் ஒரு வாரம் முந்திக் கனியும் என்று தெரியவரும். தெரிந்ததைப் பின்னால் வருபவருக்குச் சொல்லிவிட்டுப் போகவும் முடியும். பணத்தால் வாங்க முடியாத அறிவு இது. ஒரு தலைமுறையின் அவசரத்துக்கும் கிடைக்காது. மண்ணை நம்பி வாழும் எந்த ஊர் விவசாயிக்கும் இது புரியும். துறவிகளும் கன்னியரும் அதை ஆயிரம் ஆண்டுக்கு மேல் விடாமல் செய்துகாட்டியிருக்கிறார்கள், இன்றும் செய்துகொண்டிருக்கிறார்கள்!